டெக்சஸ் ஆளுநரின் அதிகாரம் எங்கே முடிகிறது?

ஆளுநர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர், குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலோ, அவர் நான்காண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தலைமை நிர்வாகி. ஆனாலும் நம் முதலமைச்சரைப் போல, தமக்கு வேண்டியவர்களைச் சேர்த்து ஓர் அமைச்சரவையை அமைத்துக்கொள்ள அவரால் முடியாது. 1876-இல் நடைமுறைக்கு வந்து இன்றும் செல்லுபடியாகும் மாநில அரசியலமைப்பு, துணை ஆளுநர், தலைமை வழக்கறிஞர், மாநிலத்தின் வரவு செலவைக் கவனிக்கும் கணக்குத் தலைவர், நில ஆணையர் ஆகியோரையும் தனித்தனியே மக்களே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆளுநரால் இவர்களைப் பணிநீக்கம் செய்ய இயலாது. மாநிலச் செயலாளரை மட்டும் அவர் நியமிக்கிறார், அதற்கும் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதல் வேண்டும்.

இந்த அவநம்பிக்கைக்குக் காரணம் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆளுநர் எட்மண்ட் டேவிஸின் ஆட்சி. அவர் காலத்தில் நியமன அதிகாரங்கள் ஆளுநரிடம் குவிந்தன. மாநிலக் காவல் படை ஒன்றும் உருவானது. அந்தப் படையில் கறுப்பினத்தவர் பணியாற்றியதும் வெள்ளையரின் கோபத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. தேர்தலில் தோற்ற பின்னும் பதவியில் நீடிக்க முயன்ற டேவிஸ், அதிபர் கிராண்ட் உதவ மறுத்ததால் 1874 ஜனவரியில் விலகினார். அடுத்த ஆண்டு கூடிய அரசியலமைப்பு மாநாடு, ஆளுநரின் பதவிக்காலத்தை இரண்டாண்டுகளாகக் குறைத்தது; சம்பளத்தையும் வெட்டியது. நான்காண்டுக் காலம் திரும்ப ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

அதிகாரம் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதை நிதி ஒதுக்கீட்டு மசோதாவின் பாதையில் தெளிவாகப் பார்க்கலாம். சட்டமன்றம் நிறைவேற்றியதும் அது நேராக ஆளுநரின் மேசைக்குப் போவதில்லை. முதலில் கணக்குத் தலைவரிடம் போகிறது. எதிர்பார்க்கும் வருவாய்க்குள் அந்தச் செலவு அடங்கும் என்று அவர் சான்றளித்தால்தான் மசோதா நகரும், இல்லையென்றால் புறப்பட்ட அவைக்கே திரும்பிவிடும். அதன் பிறகுதான் ஆளுநரின் முறை. அப்போது அவருக்கு வலிமையான கருவி ஒன்று உண்டு: முழு மசோதாவையும் நிராகரிக்காமல், வேண்டாத ஒதுக்கீட்டை மட்டும் அடித்துவிடலாம்.

மரண தண்டனையில் அவர் கை இன்னும் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. 1936-இல் வந்த திருத்தத்தின்படி, மன்னிப்பு வாரியம் பரிந்துரைக்காமல் அவரால் தண்டனையைக் குறைக்க முடியாது. தாமாகச் செய்யக்கூடியது ஒன்றுதான்: தண்டனை நிறைவேற்றத்தை ஒரே ஒருமுறை 30 நாட்கள் தள்ளிவைப்பது. ஓர் உயிரைப் பற்றிய முடிவில் பொறுப்பு இப்படிப் பலரிடம் சிதறிக் கிடப்பது எனக்குக் கவலையளிக்கிறது. யாரை நோக்கிக் கேள்வி கேட்பது என்பதே மங்கிவிடுகிறது.

ஆனால் நீண்ட காலம் பதவியில் இருக்கும் ஆளுநருக்கு இந்தக் கட்டுகள் சற்றுத் தளர்கின்றன. மாநிலத் துறைகளை மேற்பார்வையிடும் வாரியங்கள் பலவற்றின் உறுப்பினர்களை ஆறாண்டுக் காலத்துக்கு ஆளுநரே நியமிக்கிறார். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் மாறுவார்கள். குறுகிய காலமே இருக்கும் ஆளுநரால் எந்த வாரியத்தையும் முழுதாகத் தம்வசப்படுத்த முடியாது. ஆனால் ஒருவர் எத்தனை முறை ஆளுநராகலாம் என்பதற்கு அரசியலமைப்பு வரம்பு வைக்கவில்லை. 2000 டிசம்பர் முதல் 2015 ஜனவரி வரை பதவியில் இருந்த ரிக் பெரி, அத்தகைய வாரியங்களின் இருக்கைகளைத் தாம் நியமித்தவர்களைக் கொண்டே நிரப்பியிருந்தார்.