ஒரு ஏபிஐ-யை மூட ஏன் இத்தனை நாளாகிறது?

2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதியிலிருந்து, டெவலப்பர்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நிரலை ஏற்ற முடியாமல் போனது. டோக்கன் என்ற தனி அனுமதிக் குறியீடோ எஸ்எஸ்எச் என்ற குறியாக்கச் சாவியோ இருந்தால்தான் உள்ளே விடும். பலருக்கு அது ஒரே நாளில் நடந்த மாற்றம்போலத்தான் தெரிந்தது. உண்மையில் அதற்கான வேலை ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அறிவிப்பு 2020-லேயே வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஏபிஐ-க்கு, அதாவது மற்ற நிரல்கள் ஒரு சேவையை அழைக்கும் வாசலுக்கு, கடவுச்சொல்லை ஏற்பது நின்றது. 2021-ன் நடுவில் குறிப்பிட்ட நாட்களில் சில மணி நேரம் மட்டும் கடவுச்சொல்லை மறுத்துவிட்டு, மறுபடி திறந்துவிட்டார்கள். அப்புறம்தான் ஆகஸ்டில் நிரந்தர நிறுத்தம்.

ஒரு சின்ன வசதியை எடுக்க இத்தனை படிகளா என்று தோன்றலாம். என்னைக் கேட்டால், புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட, ஊரே சாய்ந்து நிற்கும் ஒரு பழையதை யாருக்கும் அடிபடாமல் எடுப்பதுதான் கடினம்.

பழையதை அப்படியே விட்டுவைத்தால் என்ன? செலவுதான். பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரியவந்தால் புதிய பதிப்பில் மட்டும் அடைத்தால் போதாது, பழையதிலும் அடைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு இடத்திலும் டெஸ்ட் ஓட்ட வேண்டும். எழுதியவர்கள் வேலை மாறிப் போயிருப்பார்கள். சில பழசுகளை வைத்திருப்பதே ஆபத்து: 1999-ல் வந்த டிஎல்எஸ் 1.0 என்ற குறியாக்க முறையை இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2021-ல் முறைப்படி ஓய்வுக்கு அனுப்பியது அதனால்தான்.

சரி, மூடுவதென்று முடிவு செய்தாயிற்று. யாருக்குச் சொல்வது? முதல் சிக்கல் இங்கேதான்.

சேவையாக ஓடும் ஏபிஐ என்றால் நிறுவனத்திடம் லாக் என்ற பதிவேடு இருக்கும். எந்தச் சாவி, எந்தப் பதிப்பை, நாளுக்கு எத்தனை முறை அழைக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். தரவிறக்கித் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரி என்ற ஆயத்த நிரலோ, நிரலைக் கணினிக்குப் புரியும்படி தொகுக்கும் கம்பைலரோ என்றால் அந்த வெளிச்சமும் கிடையாது. அது யாருடைய கணினியில், எந்தத் தொழிற்சாலை இயந்திரத்துக்குள், எந்த ஆய்வகத்தின் பழைய சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எழுதியவர்களுக்கே தெரியாது. ஒரு டெவலப்பர் தான் பயன்படுத்துவதாகவே அறியாத லைப்ரரியும் உண்டு: அவர் சேர்த்த லைப்ரரி இன்னொன்றைச் சேர்த்திருக்கும், அது வேறொன்றை. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பிரபலமாக இருந்த ரிக்வெஸ்ட் என்ற லைப்ரரியை அதன் பராமரிப்பாளர்கள் 2020 பிப்ரவரியில் ஓய்வு பெற்றதாக அறிவித்தார்கள். நிறுவும்போதே எச்சரிக்கை வரும்படியும் செய்தார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அது பெரும் எண்ணிக்கையில் தரவிறங்கிக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் யாரும் கேட்டு அல்ல, வேறொன்றோடு ஒட்டிக்கொண்டுதான்.

மின்னஞ்சல் அனுப்பினால் போதாதா? அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் கணக்கைத் திறந்தவர் ஒருவர், நிரல் எழுதியவர் இன்னொருவர், இன்று அதைக் கவனித்துக்கொள்பவர் மூன்றாமவர். முதலாமவர் நிறுவனத்தை விட்டே போயிருப்பார். அவருடைய முகவரிக்கு வரும் கடிதத்தைத் திறக்க ஆளில்லை. திறந்தாலும், 'எங்கள் தளத்தை மேம்படுத்துகிறோம்' என்று தொடங்கி நான்காவது பத்தியில் தேதியை வைத்திருக்கும் கடிதத்தை யார் கடைசிவரை படிப்பார்கள்? இப்படிப்பட்ட கடிதங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். தேதி முதல் வரியில் இருக்க வேண்டும்.

ஆகவே வேலை நடக்கும் இடத்துக்கே அறிவிப்பைக் கொண்டுபோகும் வழிகள் தோன்றின. மிகப் பழையது கம்பைலர் எச்சரிக்கை. ஒரு செயல்கூறை 'டெப்ரிகேட்' செய்துவிட்டால், அதாவது இனி பயன்படுத்த வேண்டாம் என்று முத்திரை குத்திவிட்டால், அது வேலை செய்யும், ஆனால் அதைப் பயன்படுத்தும் நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி வந்து நிற்கும். இதுவும் ஒரு கட்டத்தில் நீர்த்துப்போகும். ஜாவா நிரல்மொழியில், ஓடிக்கொண்டிருக்கும் திரெட் என்ற வேலை இழையைச் சட்டென்று நிறுத்தும் 'திரெட்.ஸ்டாப்' என்ற செயல்கூறு 1998-லேயே இந்த முத்திரையைப் பெற்றது. 2023-ல் வந்த ஜாவா 20-ல்தான் அது உண்மையாகவே வேலை செய்வதை நிறுத்தியது. 25 ஆண்டுகள்! இடையில் வளர்ந்த ஒரு தலைமுறை டெவலப்பர்கள், எச்சரிக்கை என்றால் எதுவும் நடக்காது என்று கற்றுக்கொண்டார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2017-ல் வந்த ஜாவா 9, இரண்டு வகையைப் பிரித்தது. 'இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது' என்பது ஒன்று. 'இது வரும் பதிப்பொன்றில் நிச்சயம் நீக்கப்படும்' என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு கம்பைலர் இன்னும் உரக்கச் சத்தம் போடும், முதலாவதை அணைக்கும் வழியில் இதை அணைக்கவும் முடியாது.

பைத்தான் என்ற நிரல்மொழியின் அனுபவம் இதற்கு நேரெதிர். அதன் டெப்ரிகேஷன் எச்சரிக்கைகள் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்தன. நிரலை எழுதாத, வெறுமனே இயக்குகிற பயனருக்கு அந்த வரிகளால் என்ன பயன்? தொல்லைதான். எனவே 2010-ல் வந்த 2.7 பதிப்பிலிருந்து அவற்றை இயல்பாக மறைத்தார்கள். விளைவு, டெவலப்பர்களும் பார்க்கவில்லை. பதிப்பு மாறி நிரல் உடைந்தபோது, 'முன்கூட்டியே சொல்லவே இல்லையே' என்றார்கள். சொல்லியிருந்தார்கள், கேட்கும் இடத்தில் சொல்லவில்லை. 2018-ல் வந்த 3.7 ஒரு நடுவழியைப் பிடித்தது: நீங்கள் நேரடியாக இயக்கும் நிரலே பழையதை அழைத்தால் எச்சரிக்கை தெரியும், உள்ளே எங்கோ ஒரு லைப்ரரி அழைத்தால் தெரியாது. யாரால் சரிசெய்ய முடியுமோ அவர் கண்ணில் மட்டும் பட வேண்டும் என்பது கணக்கு.

இணையம் வழியாக அழைக்கும் ஏபிஐ-களுக்குக் கம்பைலர் உதவாது. அங்கே பதிலோடு சேர்ந்துவரும் ஹெடர் என்ற தலைப்பு வரிகள்தான் தூதுவர்கள். 2019-ல் 'சன்செட்' என்ற ஹெடர் வகுக்கப்பட்டது. கேட்ட தரவு வழக்கம்போல வரும். கூடவே, இந்த முகவரி எந்த நாளில், எந்த மணிக்கு நின்றுபோகும் என்று ஒரு வரி. 2025-ல் 'டெப்ரிகேஷன்' என்ற இன்னொரு ஹெடரும் தரமாக வந்தது. மனிதர் யாரும் இவற்றைப் பார்க்க மாட்டார்கள். நம் நிரலே படித்து, தேதி நெருங்குகிறது என்று நம்மை உசுப்ப வேண்டும். பல கணினிகளில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் இதை அழகாகச் செய்திருக்கிறது. 1.19 பதிப்பிலிருந்து, பழைய ஏபிஐ-யை அழைத்தால் கட்டளை அடித்தவரின் திரையிலேயே எச்சரிக்கை வந்துவிடும். நிர்வாகிக்கோ, பழைய ஏபிஐ-கள் எவையெல்லாம் இன்னும் அழைக்கப்படுகின்றன என்ற அளவீடு தனியே கிடைக்கும்.

இதற்கும் அசையாதவர்களுக்குத்தான் 'பிரவுன்அவுட்'. இறுதி நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாக, பழைய ஏபிஐ-யைச் சில நிமிடங்களோ சில மணி நேரமோ வேண்டுமென்றே நிறுத்துவார்கள். ஒரு குழுவின் பார்வையில் அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். நிரலைத் தொகுத்துச் சோதிக்கத் தானாக ஓடும் பில்ட் ஒன்று காலையில் தோற்கிறது. நேற்றுவரை ஓடியது, நிரலில் யாரும் கைவைக்கவில்லை. லாகைத் திறந்தால், 'இந்த முறை இன்ன தேதியோடு நிறுத்தப்படுகிறது, மாற்று வழி இங்கே' என்று ஒரு பிழைச் செய்தி. பிற்பகலில் பில்ட் தானாகவே சரியாகிவிடுகிறது. ஆனால் அதற்குள் மூன்று பேர் அதைப் படித்துவிட்டார்கள், ஒருவர் பெயரில் வேலை பதிவாகிவிட்டது. மின்னஞ்சல் எட்டாத அந்த மூன்றாமவரைத் தேடிப் பிடிக்க இதைவிட நம்பகமான வழியை நான் பார்த்ததில்லை. வலிக்கத்தான் செய்யும். ஆனால் சீக்கிரம் குணமாகிற வலி. பிழைச் செய்தியில் காரணமும் தேதியும் இருந்தால் மட்டுமே இது நியாயம். காரணம் சொல்லாமல் நிறுத்தினால் அது வெறும் கோளாறு.

எந்த வரிசையில் மூடுவது என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் தன் முதல் ஏபிஐ-யை மூடிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2019 நவம்பரில் புதிய கணக்குகளை மட்டும் நிறுத்தினார்கள். 2020 ஜூனில் புதிய டொமைன்களை நிறுத்தினார்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்வது நடந்துகொண்டே இருந்தது. 2021-ல் பிரவுன்அவுட்கள். அந்த ஆண்டு ஜூனில் முழு நிறுத்தம். புதிதாக வருகிறவருக்கு மாறுவது எளிது, அவரிடம் பழைய நிரல் இல்லை. எனவே அவரை முதலில் திருப்பிவிட்டால், கூட்டம் மேலும் பெருகாது. பழையவர்களுக்கு முழு அவகாசம் கிடைக்கும்.

அறிவிப்பில் என்ன எழுதுவது? தேதி, காரணம், மாற்று வழி: இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். நான்காவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்: யாருக்குப் பாதிப்பு இல்லை என்பது. 2020 டிசம்பரில் குபர்நெட்டீஸ், நிரல்களைத் தேவையானவற்றோடு பொதிந்து ஓட்டும் டாக்கர் என்ற கருவியை இயக்கத் தன்னுள் வைத்திருந்த 'டாக்கர்ஷிம்' என்ற இணைப்புப் பகுதியை நீக்கப்போவதாக வெளியீட்டுக் குறிப்பில் சொன்னது. டாக்கரே போகிறது, அதில் கட்டிவைத்த இமேஜ் என்ற பொதிகளெல்லாம் வீண் என்று டெவலப்பர்களிடையே பீதி பரவியது. இமேஜ்கள் பொதுத்தரத்தில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. குபர்நெட்டீஸ் ஓடும் கிளஸ்டர் என்ற கணினிக் கூட்டத்தைப் பராமரிப்பவர்கள்தான் கவனிக்க வேண்டியிருந்தது. அதை விளக்க, பதற வேண்டாம் என்று தனிக் கட்டுரையே எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பகுதி உண்மையில் நீங்கியது 2022-ல் வந்த 1.24-ல்.

தேதியைத் தள்ளிப்போடலாமா என்பதில் எனக்கு இரண்டு மனம். பைத்தான் 2-க்கான ஆதரவை நிறுத்த முதலில் 2015 என்று குறித்திருந்தார்கள்; 2014-ல் அதை 2020-க்கு நகர்த்தினார்கள். பைத்தான் 3 வந்தது 2008-ல். எழுத்துகளைக் கையாளும் முறையே அடியோடு மாறியிருந்ததால், ஒவ்வொரு லைப்ரரியும் தான் சார்ந்திருந்த லைப்ரரி மாறும்வரை காத்திருந்தது. அந்த நீட்டிப்பு இல்லாவிட்டால் ஏராளமானவர்கள் நடுவழியில் நின்றிருப்பார்கள். கோப்புகளைச் சேமித்துத் தரும் அமேசான் எஸ்3 சேவையும் 2019 மே மாதத்தில், கோப்புகளின் ஒரு பழைய முகவரி வடிவத்தை 2020 செப்டம்பரோடு நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. அந்த முகவரிகள் யாராலும் திருத்த முடியாத பழைய பக்கங்களிலும் கருவிகளிலும் பதிந்து கிடந்தன. பின்வாங்கியது சரிதான் என்பேன். ஆனால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும், அடுத்த தேதியை நம்புகிறவர்கள் குறைகிறார்கள். அதுவும் உண்மை.

மூடவே மூடாத வழியும் உண்டு. பணப் பரிமாற்றச் சேவையான ஸ்ட்ரைப் தன் ஏபிஐ பதிப்புகளுக்குத் தேதியையே பெயராக வைக்கிறது. ஒரு நிறுவனம் எந்தத் தேதியில் இணைந்ததோ அந்தப் பதிப்பு அதன் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இயங்குவது எப்போதும் புதிய நிரல்தான். பதில் வெளியே போகும்போது, ஒவ்வொரு மாற்றத்தையும் பின்னோக்கி அவிழ்க்கும் சிறு சிறு மாற்றிகளின் வழியாக அது இறங்கிவந்து, அந்தக் கணக்கின் தேதிக்குரிய வடிவத்தை அடையும். அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்திருக்கும் சேவைக்கு இந்தச் செலவு தகும். எல்லோராலும் முடியாது.

முடியாதவர்கள் வேறு விதமாகக் கைகொடுக்கலாம். ஃபேஸ்புக் 2016 ஜனவரியில், செயலிகளுக்கு சர்வர் வசதி தந்த பார்ஸ் என்ற சேவையை மூடுவதாக அறிவித்தபோது ஓராண்டு அவகாசம் கொடுத்தது. கூடவே, சர்வர் நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டு, தரவை இடம் மாற்றவும் கருவி கொடுத்தது. சொந்தமாக ஓட்டிக்கொள்ள முடிந்தவர்கள் ஓட்டிக்கொண்டார்கள்.

மூடிய பிறகும் பொறுப்பு முடிவதில்லை. பழைய முகவரி, 'காணவில்லை' என்ற 404-ஐத் தராமல், 'இருந்தது, நிரந்தரமாகப் போய்விட்டது' என்ற 410-ஐத் தர வேண்டும். அப்போதுதான் தேடி அலைபவருக்கு விஷயம் புரியும். டொமைனைக் கைவிடவும் கூடாது, கண்டவர்களுக்கு விற்கவும் கூடாது. பழைய பிரவுசர்களுக்கு உதவிய பாலிஃபில் என்ற இலவச நிரலை வழங்கிவந்த டொமைன் 2024-ன் தொடக்கத்தில் கைமாறியது. பிரவுசர்கள் முன்னேறிவிட்டதால் அதன் தேவை பெரும்பாலும் முடிந்திருந்தது. ஆனாலும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை இன்னும் அழைத்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஜூனில், புதிய உரிமையாளரின் கையிலிருந்த அந்த டொமைன் வழியாக அந்தத் தளங்களின் பார்வையாளர்களுக்குத் தீங்கான நிரல் போனது தெரியவந்தது. கடைசியில், டொமைன்களைப் பதிவு செய்து தரும் நிறுவனமே அதை முடக்க வேண்டியதாயிற்று.