போர்காஸ்ட்: முன்னறிவிப்பா, முன்கணிப்பா?

கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன வாரம் பாசிர் பாஞ்சாங்கிலிருந்து கூப்பிட்டான். "மாமா, செங்கடல் வழியா கப்பலுங்க எப்பத் திரும்பும்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதணும். போர்காஸ்ட்டுக்கு (forecast) முன்னறிவிப்புன்னு போட்டா சரியா?"

சரியில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை மின்தூக்கி ஓடாது என்று புளோக்கின் கீழே ஒட்டுகிறார்களே, அது முன்னறிவிப்பு. முடிவாகிவிட்ட ஒன்றைத்தான் அறிவிக்க முடியும். கப்பல் திரும்புவது அப்படியா?

போர்காஸ்ட்டில் உள்ள 'காஸ்ட்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். எறிதல் என்பது முதற்பொருள். கணக்குப் போடுதல், திட்டமிடுதல் எல்லாம் பிறகு சேர்ந்தவை. போர்காஸ்ட்டை வானிலைக்குக் கொண்டுவந்தவர் ஒரு கடலோடி: டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். 1859-ல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு அவர் புயல் எச்சரிக்கைக்கு வழி செய்தார். 1861-ல் நாளிதழில் வானிலை போர்காஸ்ட் வரத் தொடங்கியது. இது ஆருடம் இல்லை, கணக்கிட்டுச் சொல்லும் கருத்து என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அந்தக் கணக்கு நம்மிடம் 'கணி' என்ற வேரிலேயே இருக்கிறது. காலத்தைக் கணிப்பவன் கணியன். பூங்குன்றனார் பெயருக்கு முன்னால் நிற்பதும் அதுதான். வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர் உண்டு. அது பூத்தால் தினை அறுக்கும் காலம் வந்துவிட்டது என்று குன்றவர் அறிந்தார்கள். நம் சாலையோரத்து அங்சானா அதற்கு உறவு மரம், அதே மஞ்சள் பூ. ஆகவே முன்கணிப்பு. முற்பகல் போல முற்கணிப்பு என்று எழுதினாலும் பிழையில்லை.

அடுத்தது 'ரிகவரி', அதாவது கப்பல் போக்குவரத்து பழைய நிலைக்குத் திரும்புவது. இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு மீட்பு என்று எழுதுவதுதான் எனக்குப் பொறுக்காது. மீட்பது பிறர் செய்வது; மீள்வது தானாக நடப்பது. சுவெஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலை 2021 மார்ச் 29-ல் மிதக்க வைத்தது மீட்பு. காத்து நின்ற நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஏப்ரல் 3-க்குள் கடந்து வரிசை தீர்ந்தது மீட்சி. அந்த மீட்சியைக் கணிப்பது எளிது: எத்தனை கப்பல், ஒரு நாளைக்கு எத்தனை போகும், அவ்வளவுதான்.

செங்கடல் அப்படியில்லை. 2023 நவம்பரில் கப்பல்கள் மீது ஏமனின் ஹூதிப் படையினர் தாக்குதல்களைத் தொடங்கியதும் பெரிய கப்பல் நிறுவனங்கள் செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மாண்டெப் நீரிணையை விட்டு ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து நாள்போல நீண்டது. கப்பல்கள் ஈடிஏ (வந்துசேரும் உத்தேச நேரம்) தவறி மொத்தமாக வந்து சேர்ந்ததால் 2024 மே மாதம் சிங்கப்பூரிலேயே கொள்கலன் கப்பல்கள் கரை பிடிக்க இரண்டு மூன்று நாள் காத்திருந்தன. பூட்டிவைத்த கெப்பல் முனையத் துறைகளைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. பாதை திறந்திருந்தாலும், காப்புறுதிக் கட்டணம் இறங்கி, மாலுமிகள் ஒப்பி, அட்டவணையை மாற்றி எழுதினால்தான் கப்பல் திரும்பும்.

"அப்ப தேதி போட வேணாமா மாமா?"

"போடு. எதை வெச்சுக் கணிச்சேன்னு பக்கத்துலயே எழுது."

இரவு அனுப்பினான். தலைப்பு: 'செங்கடல் வழிப் போக்குவரத்தின் மீட்சி: ஒரு முன்கணிப்பு.' அதற்குக் கீழே முதல் வரியிலேயே காப்புறுதிக் கட்டணம் இருந்தது.