மழை கெடுத்த ரீவி பதிவை பக்கத்து ஊர் பதிவு காப்பாத்தும்

வன்னியில எத்தினை வீட்டில வீடியோ டெக்குக்கு போட்ட கசற் அடுக்கடுக்கா கிடந்தது, இடம்பெயர்வில எல்லாம் போச்சு, அதால இப்ப டிஷ்ல வாற நிகழ்ச்சியளை பதிஞ்சு சேக்கிற பிள்ளையளைக் கண்டா எனக்கு சந்தோசம்தான். ஒண்டு மட்டும் கேளுங்கோ: ரீவிக்கு முன்னால போனை பிடிக்காதேங்கோ, எச்டிஎம்ஐ வயரில இருந்து கப்சர் பண்ணவும் வேண்டாம். டிஷ்ஷுக்கு வாற ஸ்ட்ரீமை, அதாவது தொடர்ந்து ஓடி வாற டிஜிட்டல் தரவை, அப்பிடியே எடுங்கோ.

சற்றலைட்டில இருந்து படம் படமா வாறேல்ல, 188 பைட் உள்ள சின்னச் சின்ன பக்கெட்டாத்தான் வருது. ஒவ்வொண்டிலயும் ஒரு நம்பர் இருக்கும், 0இல இருந்து 8191 வரைக்கும், ஒரு சனலின்ர படத்துக்கு ஒரு நம்பர் சத்தத்துக்கு வேற நம்பர். ஒரே அலைவரிசையில பல சனல் கலந்து வரும், அலையைப் பிடிக்கிற டியூனர் எங்களுக்கு வேண்டிய நம்பரை மட்டும் பொறுக்கி டிஸ்க்கில எழுதும், அவ்வளவுதான் பதிவு. அனுப்பினது எதுவோ அதுவே கையில இருக்கும். கப்சர் பண்ணினா விரிச்ச படத்தை திரும்ப சுருக்கோணும், அதில தரம் போகும். செக்கனுக்கு 4 மெகாபிட் வாற சனல் எண்டா மணித்தியாலத்துக்கு 1.8 ஜிபி, ஒரு பென்டிரைவே காணும்.

இனி மழைக்கு வருவம். டிஷ்ஷுக்கு வாற கேயூ பாண்ட் எண்ட அலையை மழைத்துளி குடிச்சிடும். சற்றலைட் ரீவி அனுப்புற டிவிபி-எஸ் முறையில ஒவ்வொரு பக்கெட்டோடயும் 16 பைட் கூட அனுப்புறாங்கள், அதை வச்சு 8 பைட் பிழைச்சாலும் திருத்தலாம், அதுக்கு மேல போனா படம் கட்டம் கட்டமா உடையும். எங்க உடைஞ்சது எண்டும் தெரியும், ஏனெண்டா ஒவ்வொரு நம்பருக்கும் 0இல இருந்து 15 வரை எண்ணிக்கொண்டு போற கவுண்டர் ஒண்டு இருக்கு. 6க்குப் பிறகு 9 வந்தா 7உம் 8உம் காணேல்ல.

மார்கழித் திருவாதிரைக்கு ஒரு கோயில் நேரடி ஒளிபரப்பு எண்டு வையுங்கோ. மாங்குளத்தில அந்த நேரம் மழை கொட்டுது, மல்லாவியில இன்னும் தொடங்கேல்ல. ரெண்டு பேரும் ஒரே சற்றலைட், ஒரே அலைவரிசையில பதிஞ்சா ரெண்டு பேரிட்டயும் இருக்கிற பக்கெட் பைட்டுக்கு பைட் ஒண்டு, அதால இங்க விட்டுப்போனதை அங்கயிருந்து எடுத்து செருகலாம், ஒட்டின தடமே இருக்காது. டெக் காலத்தில இது நடக்கவே நடக்காது, ரெண்டு கசற் ஒருநாளும் ஒரே மாதிரி இருக்காது. கவுண்டர் 16க்கு ஒருக்கா சுத்தி வந்திடும் எண்டதால அதை மட்டும் நம்பி பொருத்தேலாது, ஸ்ட்ரீமுக்குள்ள பிசிஆர் எண்டு ஒரு கடிகாரம் ஓடும், ஆகக்கூடினது 100 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா வரும், அதைப் பிடிச்சுத்தான் நேர் பண்ணோணும். மழை அனுப்புற நிலையத்துக்கு மேல பெஞ்சா ரெண்டு பதிவும் ஒரே இடத்தில உடையும், அதுக்கு வழியில்ல. காசு கட்டிப் பாக்கிற சனலும் லொக் பண்ணித்தான் வரும், நான் சொல்லுறது இலவச சனலுக்கு.

சொப்ட்வெயார் செற்றிங்கில இன்னொண்டும் பாருங்கோ. 18ஆம் நம்பரில நிகழ்ச்சி விபரம் வரும், 20ஆம் நம்பரில திகதியும் நேரமும் வரும். கனக்க சொப்ட்வெயார் படமும் சத்தமும் காணும் எண்டு இதுகளை எறிஞ்சிடும், எறியாத மாதிரி மாத்தி வையுங்கோ. பிறகு ஆரும் பைலின்ர பேரை மாத்தினாலும் எண்டைக்கு ஒளிபரப்பானது எண்டு உள்ளுக்கே பாக்கலாம், அதில இருக்கிறது யூரிசி எண்ட உலகப் பொது நேரம், எங்கட இலங்கை நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கூட்டோணும்.