கோழிக்கு முட்டை அடைத்துக்கொண்டால்

கோழி காலையிலிருந்து மூன்று முறை முட்டைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டு, முட்டையிடாமலே எழுந்து வந்துவிட்டது. இப்போது ஒரு மூலையில் நிற்கிறது. உடம்பு செங்குத்தாக நிமிர்ந்து, வால் தரையைப் பார்த்துத் தொங்கி, கால்கள் அகன்று, பெங்குவின் நிற்பதுபோல ஒரு கோலம். கண் பாதி மூடியிருக்கிறது. வாலடியைக் கூர்ந்து பார்த்தால் சில நொடிகளுக்கு ஒருமுறை மேலும் கீழுமாக ஓர் அசைவு தெரியும். முக்குகிறது. தீவனத்தைத் தொடவில்லை.

முட்டை அடைப்பு என்று சந்தேகப்பட இது போதும். முடிவுகட்டப் போதாது. இதே கோலத்தை வேறு சில நோய்களும் உண்டாக்கும். அவற்றுக்கான வைத்தியம் வேறு. முதலில் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

ஒரு முட்டை உருவாகி வெளிவர 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கிறது. கோழிக்கு இடப்பக்கச் சினைப்பையும் இடப்பக்க முட்டைக்குழாயும்தான் முழுதாக வளர்ந்து வேலை செய்கின்றன. சினைப்பையிலிருந்து விடுபடும் மஞ்சள் கருவைக் குழாயின் புனல் போன்ற வாய் பிடித்துக்கொள்கிறது. அங்கே கால் மணி நேரம். அடுத்த மூன்று மணி நேரத்தில் வெள்ளைக் கரு சுற்றுகிறது. பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஓட்டை உரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வருகிறதே, அந்தச் சவ்வு உருவாகிறது. மீதி 18 முதல் 20 மணி நேரமும், ஓடு படியும் இடமான ஓட்டுச்சுரப்பியில் கழிகிறது. முட்டை வெளியேறிய அரை மணி நேரம் வாக்கில் அடுத்த மஞ்சள் கரு கிளம்பிவிடும். ஒற்றைத் தடம், முன்னால் போன வண்டி நின்றால் பின்னால் வருவதற்கு வழி இல்லை.

ஓடும் கால்சியம், உந்துவதும் கால்சியம்

60 கிராம் முட்டையில் ஓடு மட்டும் ஏறத்தாழ 6 கிராம். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; அதில் தனிக் கால்சியம் 2 கிராமுக்குச் சற்று மேல். கோழியின் மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் இருக்கும் கால்சியமோ 30 மில்லிகிராமைத் தாண்டாது. ஓடு மும்முரமாகப் படியும் நேரத்தில் அந்த இருப்பு முழுவதும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தீர்ந்து, மறுபடி நிரம்ப வேண்டியிருக்கிறது. குடல் கொடுக்கிறது, போதாதபோது எலும்பு கொடுக்கிறது. முட்டையிடும் பருவத்துக்குச் சற்று முன்பாகவே கோழியின் தொடை, கால் எலும்புகளின் உள்ளே, எளிதில் கரையக்கூடிய தனி எலும்பு ஒன்று வளர்ந்துவிடும். சேமிப்புக் கணக்கு மாதிரி.

சிக்கல் எங்கே என்றால், ஓடு படிவது பெரும்பாலும் இரவில். அப்போது கோழி தின்பதில்லை. பொடியாக அரைத்த சுண்ணாம்பு சாயங்காலத்துக்குள் குடலைக் கடந்து போய்விடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் துண்டுகள் அப்படியல்ல; அவை அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். கிளிஞ்சலைத் தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான்: தேவைப்படும் கோழி தேவைப்படும் அளவுக்குச் சாயங்காலத்தில் தானே வந்து கொத்திக்கொள்ளும்.

கால்சியம் ஓட்டுக்கு மட்டும் வேண்டியதல்ல. எந்தத் தசையும் சுருங்குவதற்குக் கால்சியம் அயனி வேண்டும். முட்டை தயாரானதும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோடோசின் என்ற ஹார்மோன் வருகிறது. தசையைச் சுருங்கத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளும் துணை சேர்கிறது. ஓட்டுச்சுரப்பியின் தசைச்சுவர் இறுகி முட்டையைத் தள்ளுகிறது. ரத்தத்தில் கால்சியத்தை ஓடு வழித்தெடுத்துக்கொண்டுவிட்டால், ஹார்மோன் வந்து தட்டியும் தசை அசையாது. முழு முட்டையும் தயார், தள்ள ஆள் இல்லை. அடைப்புகளில் ஒரு பெரும்பகுதி இந்த வகை. கால்சியம் கொடுத்தால் சில கோழிகள் ஓரிரு மணி நேரத்தில் முட்டையிட்டுவிடுவதன் ரகசியமும் இதுவே.

மற்ற காரணங்களும் உண்டு. இரட்டைக் கரு முட்டை, முட்டை பெரிது. முதல் முட்டையிடும் விடைக்கோழி, வழி சிறிது. உடல் வளர்வதற்கு முன்பே விளக்கு வெளிச்சத்தைக் கூட்டி முட்டைக்கு அவசரப்படுத்திய கோழிகளில் இதை அதிகம் பார்க்கலாம். கொழுத்த கோழிக்கு வயிற்றுக் கொழுப்பே வழியை நெருக்கும். குழாயில் கிருமித்தொற்று வந்து தழும்பேறியிருந்தால் மருந்தும் வெந்நீரும் பெரிதாக உதவாது. ஓடு படியாத தோல்முட்டையும் அடைத்துக்கொள்ளும்: கெட்டியான ஓட்டைப் பிடித்துத் தள்ளுவதுபோல மெத்தென்ற பையைத் தசையால் தள்ள முடிவதில்லை, நழுவுகிறது.

நின்றுபோன முட்டை இடுப்புக்குழியில் ரத்தக் குழாய்களையும், கால்களுக்குப் போகும் நரம்புகளையும், சிறுநீர் இறங்கும் வழியையும் அழுத்துகிறது. கோழி நொண்டுவதும், கால் நீட்டி உட்கார்ந்துவிடுவதும், எச்சம் நின்றுபோவதும் அல்லது நீராகச் சொட்டுவதும் இந்த அழுத்தத்தால்தான். ஒரு நாளைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

கையால் பார்ப்பது

கோழியைக் கக்கத்தில் அணைத்து, தலை பின்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கொண்டை. நல்ல சிவப்பாக இருந்தால் முட்டையிடும் நிலையில் உள்ள கோழி. ஊதா நிறமாக மாறியிருந்தால் ரத்த ஓட்டம் கெட்டிருக்கிறது, உடனே மருத்துவர். அடுத்து, பின்துவாரத்தின் இரண்டு பக்கமும் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் இடுப்பெலும்புகள். முட்டையிடும் கோழியில் அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் போகும். ஒரு விரல்தான் போகிறது என்றால் அது முட்டையிடும் நிலையிலேயே இல்லை; காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

பிறகு வயிறு. விரல் நுனிகளால் தடவ மட்டும் செய்யுங்கள், அமுக்காதீர்கள். கெட்டியான உருண்டை சில கோழிகளில் வெளியிலிருந்தே தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால், கையுறை போட்டு, நீரில் கரையும் வழுக்கு ஜெல் தடவிய ஒரு விரலைத் துவாரத்துக்குள் நேராக, மெதுவாக, 4 அல்லது 5 சென்டிமீட்டர் வரை விடலாம். ஓடு இருந்தால் வழவழப்பாக, சந்தேகமில்லாமல் தெரியும். தண்ணீர்ப் பை போல அமுங்கினால் தோல்முட்டையாக இருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால் முட்டையே இல்லை என்று அர்த்தமல்ல. இன்னும் மேலே நிற்கக்கூடும். ஓடுள்ள முட்டையை எக்ஸ்-ரே காட்டும். ஓடில்லாததற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும்.

அடைக்கோழியை நோய்க்கோழி என்று நினைத்துப் பதறுவதும் நடக்கிறது. அடைக்கு உட்கார்ந்த கோழி பெட்டியை விட்டு நகராது, ஆனால் கை வைத்தால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அடைப்பு வந்த கோழிக்குக் கொத்துகிற தெம்பு இருக்காது.

வீட்டிலேயே செய்யக்கூடியது

கோழி நிற்கிறது, தலை தூக்கிப் பார்க்கிறது என்றால் மட்டும் இந்த வழி. அகலமான தொட்டியில் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெந்நீர், வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டி இருப்பதால் இந்த நீர் அதைச் சுடாது, இறுகிய தசையை இளக்கும். வயிறு மூழ்கும் அளவுக்கு 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். எப்சம் உப்பு கட்டாயமில்லை. வேலை செய்வது சூடு. உப்பு போட்டால் அந்த நீரைக் குடிக்க விடக் கூடாது, வயிறு போகும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

எடுத்ததும் துண்டால் ஒற்றி, அடியிறகு வரை உலர்த்துங்கள். குளியல் பலன் தராமல் போவதற்கு அதிகக் காரணம் இந்த இடத்தில் அலட்சியம்தான்: ஈர இறகோடு விட்ட கோழி குளிரில் நடுங்கி, மிச்சமிருந்த சக்தியையும் அதற்கே செலவழிக்கும். பிறகு இருட்டான, சத்தமில்லாத பெட்டி, 28 முதல் 30 டிகிரி வெப்பம், குடிக்கத் தண்ணீர். மற்ற கோழிகள் அண்டக் கூடாது.

கால்சியத்தைக் குளியலுக்கு முன்பே கொடுத்துவிடலாம். கார்பனேட்டைவிடச் சிட்ரேட் அல்லது குளுக்கோனேட் விரைவில் சேரும். 500 மில்லிகிராம் கால்சியம் உள்ள, வைட்டமின் டி3 சேர்ந்த ஒரு மாத்திரை ஒரு வேளைக்குப் போதும். அளவு அதிகமோ என்ற பயம் வேண்டாம். முட்டைக்கோழி நாளொன்றுக்குத் தின்னும் 110 கிராம் தீவனத்தில் 4 கிராம் கால்சியம் இருக்கிறது. கவனம் வேண்டியது கொடுக்கும் விதத்தில். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து திரவத்தை ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். மாத்திரையை இரண்டாக உடைத்து நாக்கைத் தாண்டி உள்ளே வையுங்கள். திரவ மருந்தானால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், தானே தலையைத் தூக்கி விழுங்கும்.

ஜெல்லைத் துவாரத்தின் உள்விளிம்பில் தடவி, ஒரு மணி நேரமாவது தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் கோழியின் முக்கலைத் தாங்களே நிறுத்துகிறார்கள். சில மணி நேர இடைவெளியில் இன்னும் ஒன்றிரண்டு முறை குளியலைத் திரும்பச் செய்யலாம். அரை நாளுக்குள் முட்டை வராவிட்டாலோ, இடையில் கோழி தளர்ந்தாலோ காத்திருப்பதில் பயனில்லை. மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போடுவார், தேவைப்பட்டால் ஹார்மோனும். கடைசி வழியாக ஊசியால் முட்டையின் உள்ளிருப்பை உறிஞ்சி, ஓட்டைச் சுருங்க வைத்து எடுப்பார். தசையை இறுகச் செய்யும் ஹார்மோன் ஊசியான ஆக்சிடோசினை வீட்டில் போடவே கூடாது. வழி திறக்காத நிலையில் தசை மட்டும் இறுகினால் குழாய் கிழியும்.

அமுக்கிப் பிதுக்குவதும் முட்டையை உள்ளேயே உடைப்பதும் கொல்லும் வைத்தியங்கள். உடைந்த ஓடு பிளேடு மாதிரி; கீறிய குழாயில் வெள்ளைக் கரு கிருமிக்குத் தீனியாகிவிடும்.

முட்டையோடு சேர்ந்து, அல்லது முட்டை வந்த பிறகு, இளஞ்சிவப்புச் சதை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கலாம். அது குழாயின் உட்சுவர். மற்ற கோழிகளுக்குச் சிவப்பைக் கண்டால் போதும், கொத்திக் குடலையே இழுத்துவிடும். முதல் வேலை தனிமைப்படுத்துவது. வெதுவெதுப்பான சுத்த நீரில் கழுவி, ஜெல் தடவி ஈரமாகவே வைத்து, விரலால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். வீங்கியிருந்தால் சர்க்கரையைத் தூவிச் சில நிமிடம் விட்டால் நீரை இழுத்துச் சுருக்கும். வெளிச்சத்தை நாளுக்கு 8 மணி நேரமாகக் குறைத்தால் முட்டை நிற்கும். ஆனால் உடனே நிற்காது, ஐந்தாறு மஞ்சள் கருக்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.

முட்டை அடைப்பு இல்லாதபோது

அடைப்பு ஒரே நாளில் வரும். நோய் வாரக்கணக்கில் இழுத்திருந்தால் வேறு பக்கம் பாருங்கள். மார்பெலும்பு கத்தி போல் துருத்தி, வயிறு மட்டும் தண்ணீர் நிரப்பிய பலூன்போலத் தளதளவென்று இருந்தால், மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றறைக்குள் விழுந்து அழற்சியாகியிருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் போன்ற, நறுக்கினால் வெங்காயம்போல வளையம் வளையமாகத் தெரியும் கட்டியைக் கோழி போட்டிருந்தால் அது குழாய் அழற்சி. இவற்றுக்கு வெந்நீர்க் குளியல் மருந்தல்ல. காலையில் தீவனம் போடுவதற்கு முன்பும் கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிறைந்திருந்தால் அடைப்பு அங்கே இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் ஒரே சமயத்தில் சோர்ந்தால் முட்டையைப் பற்றிய யோசனையையே விட்டுவிட்டுத் தொற்றுநோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், எத்தனை நாளைக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தை விடைக்கோழிக்கு வெகு முன்கூட்டியே போட ஆரம்பிப்பதும் தவறு. முட்டையிடாத உடம்பில் அவ்வளவு கால்சியமும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

அடைத்திருந்த முட்டை வெளியே வந்ததும் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓடு தாள்போல மெலிந்திருந்தால் கால்சியம் பற்றாக்குறை, கிளிஞ்சல் கிண்ணத்தைக் கவனிக்க வேண்டும். ஓடு கெட்டியாக, மேலே சுண்ணாம்பு தூவியதுபோல வெண்பூச்சு படிந்திருந்தால் சுரப்பியில் தங்க வேண்டிய நேரத்தைத் தாண்டி முட்டை தங்கியிருக்கிறது. அளவு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் உடைத்துப் பாருங்கள், உள்ளே இரண்டு கரு இருக்கலாம்.