தலைக்குள் சுரக்கும் மார்ஃபினும் மாதவிடாய்ச் சுழற்சியும்

மார்ஃபின் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள், அதாவது நரம்பணுக்களின் மேலுள்ள புரதப் பிடிப்பிடங்கள், மூளையில் இருப்பது 1973-இல் உறுதியானபோது ஒரு கேள்வியும் கூடவே எழுந்தது. மார்ஃபினைத் தரும் கசகசாச் செடியின் காயில் கசியும் பாலுக்காக முதுகெலும்பு விலங்குகளின் மூளை ஒரு பூட்டைச் செய்து வைத்திருக்க முடியாது. அப்படியானால் அந்தப் பூட்டுக்கு உடலே செய்துகொள்ளும் சாவி எது? இரண்டே ஆண்டுகளில், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பணியாற்றிய ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து ஐந்து அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இரண்டு பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) பிரித்தெடுத்து, ‘தலைக்குள் இருப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்கு என்கெஃபலின் என்று பெயரிட்டனர். பீட்டா எண்டார்ஃபினும் டைனார்ஃபினும் பின்னர் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தன. இவை பிணையும் முக்கிய ஏற்பிகள் மூன்று: மியூ, டெல்டா, கப்பா.

வலியைத் தணிப்பவை என்ற அளவிலேயே, மார்ஃபினைப் போலச் செயல்படும் இந்த இயற்கை ஓபியாய்டுகள் பெரும்பாலும் அறியப்பட்டிருக்கின்றன. அது அவற்றின் வேலையில் ஒரு பகுதிதான். பெண் உடலின் இனப்பெருக்கச் சுழற்சியை நடத்துவதிலும், அந்தச் சுழற்சிக்கேற்ப மூளையின் இணைப்புகள் இறுகித் தளர்வதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

சுழற்சியின் தாளம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில் தொடங்குகிறது. அங்குள்ள ஒரு நரம்பணுக் கூட்டம் கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் ஆகிய மூன்று பெப்டைடுகளையும் ஒருசேரத் தயாரிக்கிறது. நியூரோகைனின் அந்தக் கூட்டத்தைத் தூண்டிவிட, கிஸ்பெப்டின் அடுத்த கட்ட நரம்பணுக்களுக்குச் செய்தியைக் கடத்துகிறது; சற்று நேரத்தில் டைனார்ஃபின் கப்பா ஏற்பிகள் வழியாக எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. கருப்பையின் இருபுறமுள்ள சூலகங்களை இயக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் செல்லும் கட்டளை தொடர் ஓட்டமாக இல்லாமல் துடிப்புத் துடிப்பாகச் செல்வதற்கு இந்த ஏற்ற இறக்கமே காரணம். சுழற்சியின் முதல் பாதியில் ஏறக்குறைய 60 முதல் 90 நிமிடங்களுக்கு ஒரு முறை வரும் துடிப்பு, கருமுட்டை வெளிப்பட்ட பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாகக் குறைகிறது. அப்போது மிகுந்திருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஓபியாய்டுத் தடையை இறுக்கிவிடுவதே இதற்குக் காரணம். ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்துவிடும் நலாக்ஸோன் என்ற மருந்தை அந்தப் பின்பாதியில் கொடுத்தால் துடிப்புகள் மீண்டும் விரைவடைகின்றன. மாதவிடாயை ஒட்டிய நாட்களில் அதே மருந்தைக் கொடுத்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. நீக்குவதற்குத் தடையே அப்போது இல்லை என்பதுதான் பொருள். இதைவிட நேர்த்தியான சான்று கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸில் கதை வேறு விதமாகப் போகிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் வூலியும் புரூஸ் மெக்யூவனும் சக ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்த மூளையின் கம்பியமைப்பு நிலையானது என்ற நம்பிக்கையை அசைத்தது. எலியின் சுழற்சி நான்கைந்து நாட்களே நீடிக்கும். அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும் நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில், நரம்பணுக் கிளைகளில் இணைப்புகளைத் தாங்கி நிற்கும் நுண்ணிய முட்களின் அடர்த்தி சுமார் 30 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அடுத்த சுழற்சியில் மறுபடி ஏறுகிறது.

ஓபியாய்டுகள் இதற்குள் எங்கே வருகின்றன என்பதை அறிய, ஹிப்போகேம்பஸின் ஒரு மூலையை நெருங்கிப் பார்க்க வேண்டும். பாசி இழைகள் எனப்படும் நரம்பு இழைகள் அங்கே மிகப் பெரிய முனைகளாகப் பருத்து, எதிரே உள்ள நரம்பணுவின் முட்கொத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முனைக்குள்ளும், அடுத்த நரம்பணுவைத் தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட் நிரம்பிய சிறு குமிழிகள் ஏராளம். அவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக, மின்நுண்நோக்கியில் கரும்புள்ளி வைத்தாற்போலத் தெரியும் பெரிய குமிழிகள். என்கெஃபலினும் டைனார்ஃபினும் இருப்பது இந்தப் பெரிய குமிழிகளில்தான். சாதாரணத் துடிப்புக்கு இவை அசைந்து கொடுப்பதில்லை. இழை அடுத்தடுத்து வேகமாகத் துடித்தால்தான் பெப்டைடுகள் வெளிவருகின்றன. வெளிவந்த என்கெஃபலின், பிற நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் இடைநரம்பணுக்களை அடக்குகிறது. தடுப்பவரைத் தடுத்தால் வழி திறக்கும் அல்லவா, அதுபோல அந்த இணைப்பு வலுப்படும் வாய்ப்பு கூடுகிறது. அதே முனையிலிருந்து கசியும் டைனார்ஃபினோ, கினிப்பன்றிகளில் கண்டபடி, குளூட்டமேட் வெளியேறுவதைக் குறைத்து இணைப்பு வலுப்படுவதைத் தடுக்கிறது.

பெண் எலிகளின் பாசி இழைகளில் என்கெஃபலின் அளவு சுழற்சியோடு மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் அது கூடியிருக்கிறது. எந்த எலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பொறுமையைக் கேட்கும் வேலை: நாள்தோறும் யோனியிலிருந்து ஓர் ஒற்றுத் துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, உட்கரு தெளிவாகத் தெரியும் வட்டச் செல்களா, உட்கரு மறைந்து காய்ந்த செதில்களா என்று பார்க்க வேண்டும். அப்படிக் கட்டம் பிரித்துச் செய்யப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆண் எலிகளின் பாசி இழை இணைப்புகள் வலுப்பட மியூ ஏற்பிகள் தேவைப்பட, ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருந்த பெண் எலிகளில் அந்தப் பொறுப்பை டெல்டா ஏற்பிகள் ஏற்றிருந்தன. ஆண் விலங்குகளை மட்டும் ஆராய்ந்துவிட்டு ‘மூளை இப்படித்தான் இயங்குகிறது’ என்று எழுதிய காலம் எவ்வளவு தவறவிட்டிருக்கும் என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

எலியின் மூளைச் சீவலில் கண்டதைப் பெண்களின் நினைவாற்றலுக்கு நேராகப் பொருத்துவது சரியாகாது. கருமுட்டை வெளிப்படும் நாளில் தேர்வு எழுதினால் மதிப்பெண் கூடும் என்பது போன்ற செய்திகளை ஒதுக்கிவிடலாம். ஆயினும் உயிருள்ள மனித மூளையில் ஓபியாய்டுகள் செயல்படுவதைப் பாசிட்ரான் படமெடுப்பின் மூலம் காண முடியும். மியூ ஏற்பியில் ஒட்டும் கதிரியக்க மருந்தை முன்கூட்டியே செலுத்திவிட்டால், உடலின் சொந்த ஓபியாய்டு சுரந்து அந்த இடத்தைப் பிடிக்கும்போது படத்தில் ஒளி மங்கும். 2006-இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே பெண்களைச் சுழற்சியின் தொடக்கத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருந்தபோது ஒரு முறையும், ஈஸ்ட்ரோஜனைத் தோல்வழி செலுத்தி உயர்த்திய பிறகு மறுமுறையும், தாடைத் தசையில் நீடித்த வலியை உண்டாக்கிப் படம் எடுத்தார்கள். ஹார்மோன் உயர்ந்திருந்தபோது தலாமஸ், அமிக்டலா முதலான பகுதிகளில் ஓபியாய்டு எதிர்வினை வலுவாக இருந்தது. தாழ்ந்திருந்தபோது அது மங்கியது; அதே பெண்கள் அன்று கூடுதலான வலியை உணர்ந்தார்கள்.