கல் ஒட்ட ஒரு காயம் வேண்டும்

சிறுநீரகக் கல் ஏன் வருகிறது என்று கேட்டால், "தண்ணீர் குடிக்காததால் உப்பு சேர்ந்து கல்லாகிவிட்டது" என்பார்கள். தப்பில்லை. ஆனால் அது பாதிக் கதைதான். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள்; அதாவது கால்சியமும், உணவிலிருந்தும் உடலிலிருந்தும் வரும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்த உப்பு. இந்த உப்பு, கல்லே வராதவரின் சிறுநீரிலும் பெரும்பாலும் கரையக்கூடிய அளவைத் தாண்டித்தான் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், நோயற்றவர்களின் சிறுநீரிலும் தபால் உறை வடிவப் படிகங்கள் தெரிவதுண்டு. அப்புறம் ஏன் எல்லோருக்கும் கல் வருவதில்லை?

1978-ல் ஃபின்லேசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். வடிகட்டப்பட்ட நீர் சிறுநீரகத்தின் நுண்குழலைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். அதற்குள் ஒரு தனிப் படிகம் குழலில் சிக்கும் அளவுக்கு வளர முடியாது. படிகங்கள் கொத்தாகச் சேர்ந்தால் சிக்கலாம் என்று பிறகு வேறு சிலர் காட்டினார்கள். ஆனாலும் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது: படிகம் எதைப் பிடித்துக்கொண்டு தங்குகிறது?

நலமான குழல் செல்லின் மேல் படிகம் எளிதில் ஒட்டாது. அளவுக்கு மீறிய ஆக்சலேட் தொடர்ந்து பட்டால் நிலைமை மாறுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறி, செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, செல்லின் மேலுறையைச் சிதைக்கின்றன. அந்த உறையின் உட்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு, வெளிப்பக்கம் புரண்டுவிடுகிறது. அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு. கால்சியம் அங்கே வந்து ஒட்டுகிறது. காயத்தை ஆற்ற செல்கள் சுரக்கும் ஹயலூரோனன், ஆஸ்டியோபான்டின் போன்ற பொருள்களும் படிகத்துக்குப் பசையாகிவிடுகின்றன. காயம் ஆற்றும் வேலையே கல்லுக்கு இடம் கொடுப்பதுதான் இதில் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. இறந்து உதிரும் செல் துணுக்குகளின் மேலும் புதுப் படிகங்கள் முளைக்கின்றன. ஒட்டிய படிகமோ பக்கத்துச் செல்லையும் காயப்படுத்துகிறது.

எல்லாக் கல்லும் இந்த வழியில்தான் பிறக்கிறது என்று சொல்ல முடியாது. 1937-ல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ரேண்டல், இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்தபோது, சிறுநீரகத்துக்குள் குழல்கள் வந்து திறக்கும் காம்பு போன்ற மேடுகளின் நுனிகளில் வெளிறிய கால்சியத் திட்டுகளைக் கண்டார். சிலவற்றின் மேல் குட்டிக் கற்கள் ஒட்டியிருந்தன. அந்தத் திட்டுகள் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. நுண்குழலில் ஹென்லே வளைவு எனப்படும் கொண்டை ஊசி வடிவப் பகுதியின் மெல்லிய குழலைச் சுற்றிய மென்படலத்தில் (அடிச்சவ்வில்) அவை தொடங்குகின்றன என்று 2003-ல் தெரிந்தது. அந்த ஆய்வில் பார்த்த நோயாளிகளின் குழல் செல்களில் வெளிப்படையான சேதம் தென்படவில்லை. அதனால் அங்கே செல் காயத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

ஆக்சலேட் செல்லை என்ன செய்யும் என்பதற்குக் கேரளத்தில் நேரடி உதாரணம் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி ஆக்சலேட் நிறைந்த இரும்பன்புளி என்ற புளிப்புக் காயின் சாற்றை நிறையக் குடித்த சிலருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது. அவர்களின் திசுவை எடுத்துப் பார்த்தபோது, சேதமான குழல்களில் ஆக்சலேட் படிகங்கள் இருந்தன. "இயற்கைதானே" என்று எந்தச் சாற்றையும் தினம் தம்ளர் தம்ளராகக் குடிக்காதீர்கள்.

எலிகளில் வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் படிகப் படிவைக் குறைத்திருக்கின்றன. அதை நம்பி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். அதே வகையைச் சேர்ந்த வைட்டமின் சி அளவு மிஞ்சினால் உடலுக்குள் ஆக்சலேட்டாகவே மாறும். பால், தயிரையும் நிறுத்தாதீர்கள்: உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். ஒருமுறை கல் வந்தவர்கள் நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய நோயோ சிறுநீரகக் குறைபாடோ உள்ளவர்கள் மட்டும், எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.