ரூஃப் டாப் டென்ட்: முதலில் வண்டியின் கூரை, பிறகு கூடாரம்

வண்டி மேலே கூடாரம் மாட்டித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கூடாரத்தை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். "ஒரு மணி நேரத்துல மாட்டிடலாம்ல?" என்பார்கள். நான் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியின் மேனுவலைக் கேட்பேன். அங்கேயே பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். மேனுவல் வீட்டில் எங்கோ கிடக்கும், அல்லது டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் இருக்கும்.

அந்தப் புத்தகத்தில் நான் தேடுவது ஒரே ஓர் எண்ணை: கூரை தாங்கும் எடை. பல கார்களில் அது 75 கிலோ. சிலவற்றில் 50, சில பெரிய வண்டிகளில் 100. கண்ணாடிக் கூரை வைத்த சில மாடல்களில் மேலே எதுவுமே ஏற்றக்கூடாது என்று எழுதியிருக்கும். வண்டி ஓடும்போது கூரைமேல் இருக்கக்கூடிய மொத்த எடை அது. கூடாரத்தின் எடை மட்டுமல்ல. கூரைக்குக் குறுக்கே நின்று கூடாரத்தைத் தாங்கும் கம்பியான கிராஸ் பார், கிளாம்ப், போல்ட், உள்ளே மடித்து வைத்த போர்வை, தலையணை எல்லாம் அதில் அடக்கம்.

ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த கூடாரத்தின் பெட்டியில் 58 கிலோ என்று அச்சடித்திருந்தது. வண்டியின் அளவு 75. தாராளமாகப் போதும் என்பது அவர் கணக்கு. நான் எந்தக் கூடாரத்தையும் தராசில் வைக்காமல் தூக்குவதில்லை. ஏணி, மேலுறை, மாட்டும் சாமான்கள் சேர்த்து 66 காட்டியது. இரண்டு கிராஸ் பாரும், அவற்றைக் கூரையோடு பிடிக்கும் காலும் சேர்ந்து 7. உள்ளே படுக்கை விரிப்பு வகையறா ஒரு 5. மொத்தம் 78. மூன்று கிலோதானே என்று அவர் சொன்னார். மூன்று கிலோவுக்காக நானும் சண்டை போடுகிறவன் அல்ல. ஆனால் அவர் போகத் திட்டமிட்டிருந்தது மண் பாதை. குண்டும் குழியுமான பாதைக்கு, சாலைக்கான அளவை 1.5ஆல் வகுத்துக்கொள்ளச் சொல்லும் கூரைக் கேரியர் கம்பெனிகள் உண்டு. அப்படிப் பார்த்தால் அவருக்கு மிஞ்சியது 50 கிலோதான். ஆக மீறல் மூன்று கிலோ அல்ல, இருபத்தெட்டு. அந்தக் கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேர் படுக்கும் சின்ன மடிப்புக் கூடாரம் வாங்கி வந்தார், தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லி.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "75 கிலோதான் தாங்கும்னா, ராத்திரி ரெண்டு பேர் ஏறிப் படுத்தா கூரை அமுங்காதா?" நல்ல கேள்வி. ஓடும்போது ஓர் அளவு, நிற்கும்போது ஓர் அளவு. ஓடும் வண்டியில் பிரேக் பிடித்தால் கூடாரம் முன்னால் பாயப் பார்க்கும், வளைவில் வெளியே தள்ளும், பள்ளத்தில் விழுந்து எழும்போது தன் எடையைப் போலச் சில மடங்கு விசையோடு இடிக்கும். நிற்கும் வண்டியில் இந்தக் கூத்து எதுவும் இல்லை. எடை நேராகக் கீழே, தூண்கள் வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. அதனால் நிற்கும்போது தாங்கும் அளவு பல மடங்கு கூடுதல். கூடாரமும் பாரும் 78, ஆட்கள் இருவரும் 140 என்றால் 218 கிலோ. பெரும்பாலான உலோகக் கூரைகளுக்கு இது பெரிய விஷயம் இல்லை. அதற்காக, "நாலு மடங்கு தாங்கும், அஞ்சு மடங்கு தாங்கும்" என்று விற்கிறவர் வாயால் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வண்டிக் கம்பெனிகள் பல இந்த எண்ணை அச்சிடுவதே இல்லை. கிராஸ் பார் கம்பெனி அதற்கென்று தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கூரை, பார், அதைப் பிடிக்கும் கால் இந்த மூன்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் அளவு. பார் 100 தாங்கும் என்பதால் 75 தாங்கும் கூரை 100 ஆகிவிடாது.

கூரையில் நீளவாக்கில் ரெயில் இருந்தால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. சில வண்டிகளில் அது வெறும் அலங்காரம். ஒரு காரில் ரெயிலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன், ஓரம் பிரிந்து வந்தது, பசைதான் பிடித்திருந்தது. அதன்மேல் கூடாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் போயிருந்தால் பின்னால் வந்தவர் கதி என்ன ஆகியிருக்கும்! உங்கள் ரெயில் சுமை தாங்குமா இல்லையா என்பதும் மேனுவலில்தான் இருக்கும்.

எண் கைக்கு வந்த பிறகுதான் கூடாரம் பார்க்க வேண்டும். துணி உறைக்குள் புத்தகம்போல மடியும் வகை ஒன்று. விரித்தால் பாதித் தளம் வண்டிக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும், அந்தப் பாதியின் பாரத்தை ஏணிதான் சுமக்கும். எடை குறைவு, இடம் அதிகம், விரிக்கவும் மடக்கவும் பொறுமை வேண்டும். மற்றது கெட்டியான ஓடு கொண்ட வகை. ஒரு பக்கம் கீல் வைத்துச் சிப்பிபோலத் திறப்பதும் உண்டு, நாலு மூலையும் சேர்ந்து நேராக எழும்புவதும் உண்டு. ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம், காற்றுக்கும் நன்றாக நிற்கும். ஆனால் கனம், தளமும் கூரை அளவோடு நின்றுவிடும். தினம் ஓர் இடத்தில் தங்குகிறவருக்கு ஓட்டு வகை. இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் போடுகிறவருக்கு, குழந்தைகளோடு போகிறவருக்கு மடிப்பு வகை. இது என் அபிப்பிராயம். கடைக்காரர் வேறு சொல்வார்.

சிலரிடம் வாங்கவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலி உள்ளவர், ராத்திரி இரண்டு முறை எழுந்து போகிறவர், பெரிய நாயைக் கூட்டிப் போகிறவர் இவர்களுக்கெல்லாம் தரையில் போடும் கூடாரமே சுகம். தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ள குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: இரவு தங்கிய இடத்திலிருந்து பக்கத்தில் எங்காவது போய்வர வேண்டும் என்றால் வீட்டையே மடக்கிக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும்.

கூரைக் கூடாரம் புதிய மோகம் அல்ல. இத்தாலியில் 1950களிலேயே விற்பனைக்கு வந்தது. 1970களில் கிழக்கு ஜெர்மனியில் ட்ராபன்ட் என்ற குட்டிக் காரின் தலையில்கூட அதை ஏற்றிக்கொண்டு விடுமுறைக்குப் போனார்கள். ஆனால் அந்தக் கார் போன வேகம் வேறு, இன்றைய சாலையில் நாம் போகும் வேகம் வேறு.

மாட்டும் வேலைக்கு வருகிறேன். கூடாரத்தைத் தூக்கும் முன் டிக்கிக் கதவை முழுசாகத் திறந்து, அதன் மேல்விளிம்பு எவ்வளவு தூரம் மேலே வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். மாட்டி முடித்த பிறகு கதவு கூடாரத்தில் இடிப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் நிறைய. ஆன்டெனாவையும் பாருங்கள். கிராஸ் பார் இரண்டையும் வண்டிக் கம்பெனி குறித்த இடங்களில், கூடாரக் கம்பெனி சொன்ன இடைவெளிக்குக் குறையாமல், முடிந்தவரை அகலமாக வையுங்கள். குறுக்காக மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். கோணலாக இருந்தால் கூடாரத்தின் அடியில் உள்ள அலுமினியத் தடம் முறுக்கிக்கொள்ளும். தூக்க நான்கு பேர் வேண்டும். இரண்டு பேர் தூக்கிக் கூரையில் கீறல் விழுந்த வண்டிகள் என்னிடம் பெயின்ட் வேலைக்கும் வந்திருக்கின்றன.

போல்ட் தலை அடித்தடத்துக்குள் நகரும். கீழே பாரைச் சுற்றித் தட்டு வந்து நட்டு பிடிக்கும். இங்கேதான் அதிகம் கெடுக்கிறார்கள். பலம் உள்ளவரெல்லாம் ஸ்பேனரைப் பிடித்துத் தொங்குவார்கள். அலுமினியத் தடம் வாய் பிளந்துவிடும், அதன்பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. கூடாரக் கம்பெனி தந்த அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்குங்கள். எல்லா நட்டையும் பாதி முடுக்கிவிட்டு, பிறகு முழுசாக. ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் வேகமாகச் சுற்றினால் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு நின்றுவிடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பவர் டூலைத் தொடாமல் கையால் சுற்றுங்கள்.

முடுக்கியதும் ஒவ்வொரு நட்டிலும் தட்டிலும் சேர்ந்தாற்போல நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, அந்தக் கோடுகளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். ஒருவர் பார்க்காமலே போய்விட்டு, மேலே 'டக் டக்' என்று சத்தம் வருகிறது என்று மறுவாரம் வந்தார். எட்டு நட்டில் மூன்றில் கோடு உடைந்து கால் சுற்று நகர்ந்திருந்தது. மாட்டிய புதிதில் எல்லாம் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும், அது இயல்பு. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஒரு பார்வை போதும்.

கூடாரம் ஏறிய வண்டி பழைய வண்டி அல்ல. அறுபது எழுபது கிலோ உச்சியில் உட்கார்ந்தால் வளைவில் சாய்வதை உடம்பே சொல்லும். பக்கக் காற்று அடிக்கும் பாலத்தில், பெரிய லாரி தாண்டிப் போகும்போது ஸ்டீயரிங் இழுக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; 80இலிருந்து 100க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் 80லேயே போங்கள், எரிபொருளும் மிஞ்சும். வண்டியின் புதிய உயரத்தை அளந்து, ஸ்டீயரிங் எதிரே ஒட்டி வையுங்கள். சொல்ல வெட்கம்தான்: ஊருக்கெல்லாம் இதைச் சொல்லும் நான், ஓர் அடித்தள பார்க்கிங்கின் உயரத்தடுப்பில் என் சொந்தக் கூடாரத்தின் ஓட்டைக் கீறிக்கொண்டேன். அன்று சாயங்காலமே எண்ணை எழுதி ஒட்டினேன்.

தங்கும் இடத்தில் சமதளம் பாருங்கள், கூடாரத் தளத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. சரிவு தவிர்க்க முடியாவிட்டால் தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை மூன்றும் வேண்டும். ஏணியின் பூட்டுகள் எல்லாம் விழுந்தனவா என்று தொட்டுப் பார்த்த பிறகே கால் வையுங்கள். மணலிலோ ஈர மண்ணிலோ ஏணிக் காலுக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள். நடுராத்திரியில் அது புதைந்தால் மடிப்புக் கூடாரத்தின் பாதித் தளமும் சேர்ந்து சாயும். இடி மின்னல் வந்தால் மேலே இருக்காதீர்கள். இறங்கிக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள். உலோக உடல் மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும், துணிக்கூடாரம் கடத்தாது.

எல்லாவற்றையும்விட எனக்கு பயம் தருவது குளிர். குளிருக்கு அடுப்பையோ கரித்தணலையோ உள்ளே கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, எழவே மாட்டார். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பது பொய் தைரியம். போன் சார்ஜுக்காக எஞ்சினை ஓட விட்டுவிட்டு மேலே படுப்பதும் இதே கதைதான், புகை நேராக மேலே ஏறும். கூடுதல் போர்வை எடுத்துப் போங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று உள்ளே தொங்கட்டும்.

காற்றோட்ட ஜன்னலை மூடாமல் படுக்க வேண்டியது வேறு காரணத்துக்காக. இரண்டு பேரின் மூச்சு ஈரம் விடிவதற்குள் துணியிலும் மெத்தைக்கு அடியிலும் தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். மழை ஒழுகுகிறது என்று புகார் சொல்லி வந்த கூடாரங்களில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் ஒழுகவில்லை, வியர்த்திருந்தன. மெத்தைக்கு அடியில் காற்றுப் போகும் வலைப்பாய் போட்டால் பெருமளவு தீரும். பருத்தி கலந்த துணி என்றால் முதல் பயணத்துக்கு முன் தண்ணீர் அடித்து நனைத்துக் காயவிடுங்கள். நூல் ஊறி உப்பித் தையல் துளைகள் அடைபடும். மழையில் மடக்கிக் கட்டியிருந்தால் வீடு வந்த அன்றோ மறுநாளோ திறந்து உலர்த்துங்கள். விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறை போகாது, வாடையும் போகாது.

பயணம் இல்லாத மாதங்களில் கூடாரத்தைக் கழற்றி வையுங்கள். சும்மா சுமந்து திரிவது எரிபொருளுக்கும் கேடு, வெயிலில் துணிக்கும் கேடு. கழற்றிய போல்ட், தட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடாரத்தோடு கட்டிவிடுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டுகளை மட்டும் தூக்கிப் போடுங்கள். ஒருமுறை கழற்றினால் அவற்றின் பிடி தளர்ந்துவிடும். அடுத்த முறை மாட்டப் புது நட்டு வாங்குங்கள்.